நான்கு ஆட்டம், நான்கு ஓலை

“முதல் ஆட்டத்தில் ஒற்றை ஆளாக நான்கு கோல் போட்டான். நேற்று, காலடியில் கிடந்த பந்தை விட்டுவிட்டுக் காற்றை உதைத்தான். இதற்கா இரண்டு யானை கொடுத்தோம்?”

தளவாய் சிங்கமுத்து இதைச் சொல்வது அன்று காலையில் மட்டும் ஏழாவது முறை.

செம்பாறை நாட்டில் அந்தக் காலத்தில் கால்பந்தா என்று கேட்காதீர்கள். ஆடினார்கள். ராஜா பூவராகருக்கு அதில் பைத்தியம். ராஜாவுக்குப் பைத்தியம் என்றால் ஊருக்கும் பைத்தியம். பக்கத்து நாட்டுக்கு இரண்டு யானையைக் கொடுத்து மருதையனை வாங்கி வந்தார்கள். நான்கு ஆட்டம் ஆடியிருந்தான். ஒன்று அபாரம், ஒன்று அலங்கோலம், மறுபடி அபாரம், மறுபடி அலங்கோலம். அவனுக்காக அணியிலிருந்து விலக்கப்பட்டவன் தளவாயின் மைத்துனன். தளவாயின் கோபம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

“இன்னும் கொஞ்சம் அவகாசம் கொடுங்க மகாராஜா,” என்றான் மருதையன். “எங்க ஊரில் மண் தரை. இங்கே புல். கால் இன்னும் பழகவில்லை.”

“புல் பழகவில்லையாம்! மாட்டுக்குக்கூட இத்தனை நாள் ஆகாதே!” என்றார் தளவாய்.

சபை சிரித்தது. மருதையன் தலையைக் குனிந்துகொண்டான். வீட்டில் நிறைமாத மனைவி. விட்டு வந்த நாட்டில் இனி வாசல்படியில்கூட ஏற்றமாட்டார்கள்.

இதையெல்லாம் எழுத்தாணியும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், அரச கட்டளைகளை எழுதும் ஓலைநாயகம் வடிவம்மை. அவளுக்குக் கண் எரிந்தது. காரணம், அந்த ஊர் வழக்கம். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் பார்த்தவர்கள் எல்லோரும் தங்கள் தீர்ப்பை ஓலையில் எழுதி, வாசலில் இருக்கும் குடத்தில் போட வேண்டும். பெயர் எழுதாத ஓலை செல்லாது. பெயர் எழுத யாரும் கூச்சப்பட்டதும் இல்லை. தன் கருத்துக்காக நாடே காத்திருக்கிறது என்று ஒவ்வொருவருக்கும் நினைப்பு. உண்மையில் காத்திருந்தவள் வடிவம்மை ஒருத்திதான். அதுவும் வேறு வழியில்லாமல். ஆட்டத்துக்கு இரண்டாயிரம் ஓலை வாசிக்க வேண்டும்!

“வடிவம்மை, எழுது!” என்றார் ராஜா. “ஒரு நாள் ஒன்று, மறுநாள் வேறொன்று என்று நிலையில்லாத எவரும் இனி நம் மைதானத்தில் கால் வைக்கக் கூடாது. பொழுது சாய்வதற்குள் எல்லையைத் தாண்ட வேண்டும்.”

“மருதையன் என்று பெயர் போட்டுவிடட்டுமா, மகாராஜா?”

“பெயர் எதற்கு? நாளைக்கு இன்னொருவன் வருவான். எவரும் என்றே எழுது.”

எழுதினாள். ராஜாவின் சிங்க முத்திரை விழுந்தது. தளவாய் மீசையைத் தடவிக்கொண்டார்.

“தளவாய் அவர்களே, வண்டி கட்டச் சொல்லுங்கள்,” என்றாள் வடிவம்மை. “முந்நூறு வண்டி.”

“ஏம்மா வடிவு, உனக்குப் புத்தி கலங்கிவிட்டதா? ஒருத்தனும் ஒரு பெண்டாட்டியும் போக முந்நூறு வண்டியா?”

“அரச கட்டளை. அரைகுறையாக நிறைவேற்றலாமா?” என்றவள், காவலர்களை ஏவி நான்கு குடங்களையும் சபைக்கு வரவழைத்தாள். வாசிக்கத் தொடங்கினாள்.

“நகைக்கடை பொன்னம்பலம். முதல் ஆட்டம்: ‘இவன் காலுக்குக் கோயில் கட்டலாம்.’ இரண்டாவது: ‘யானையைத் திருப்பிக் கேளுங்கள்.’ மூன்றாவது: ‘கோயில்தான். அன்றைக்கே சொன்னேன்.’ நான்காவது: ‘யானை.’”

பொன்னம்பலம் தூணுக்குப் பின்னால் நகர்ந்தார்.

“அரண்மனை வைத்தியர். தேறிவிட்டான், தேறமாட்டான், தேறிவிட்டான், இனி கடவுள் விட்ட வழி.”

“அது நோயாளிகளுக்கு எழுதிய ஓலை!” என்றார் வைத்தியர். யாரும் நம்பவில்லை.

“அடுத்தது தளவாய் அவர்கள். முதல் ஆட்டம்: ‘இவனைக் கொண்டுவரச் சொன்னதே நான்தான்.’ இரண்டாவது: ‘இவனைக் கொண்டுவரச் சொன்னவனைத் தேடிப் பிடித்துத் தண்டிக்க வேண்டும்.’”

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “பிடியுங்கள்! பிடியுங்கள் அவனை!”

“அது ஒரு பேச்சுக்கு எழுதினது, மகாராஜா...” தளவாயின் மீசை தொங்கிவிட்டது.

“இரண்டாயிரம் பேர்,” என்றாள் வடிவம்மை. “எல்லோருக்கும் இதே கதை. மருதையனாவது நான்கு ஆட்டத்தில் இரண்டு முறைதான் சறுக்கினான். அதுவும் புதுத் தரை. இவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே மூன்று முறை சறுக்கியிருக்கிறார்கள். எல்லாரையும் வண்டியில் ஏற்ற வேண்டியதுதான்.”

“அப்புறம் ஆட்டத்தைப் பார்க்க யார் இருப்பார்கள்?”

“ஒருவர் இருப்பார், மகாராஜா. வடக்குத் தெரு நாகலிங்கம். நான்கு ஆட்டத்துக்கும் ஒரே கருத்து: ‘முன்னால் இருப்பவரைத் தலைப்பாகையைக் கழற்றச் சொல்லவும், ஒன்றும் தெரியவில்லை.’ இனி அவருக்கு நன்றாகத் தெரியும்.”

ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். “சபாஷ்! ஏற்று எல்லோரையும் வண்டியில்! முதல் வண்டி தளவாய்க்கு!”

“உத்தரவு. ஆனால் இன்னும் நான்கு ஓலை பாக்கி,” என்று வடிவம்மை குடங்களின் அடியிலிருந்து எடுத்து நீட்டினாள். பட்டுநூல் கட்டி, சிங்க முத்திரை வைத்தவை. அந்த நாட்டில் சிங்க முத்திரை ஒரே ஒருவர் விரலில்தான் இருந்தது.

சிரிப்பு பாதியில் நின்றது. ராஜா இரும ஆரம்பித்தார். சற்று நேரம் கூரையில் இருந்த சித்திரங்களைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, கட்டளை ஓலையை வாங்கி, இரண்டாக முறித்துத் தன் மெத்தைக்கு அடியில் செருகிக்கொண்டார்.

“மருதையன் இந்த வருஷம் முழுக்க ஆடட்டும்,” என்றார். “கால் பழக வேண்டாமா? என்ன அவசரம் உங்களுக்கெல்லாம்?”

மருதையன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். பத்துப் பேர் ஓடிவந்து, தாங்களும் அதைத்தான் முதலிலிருந்தே சொன்னதாகச் சொன்னார்கள்.

“அப்படியே ஆகட்டும், மகாராஜா,” என்றாள் வடிவம்மை. “இந்த நான்கு ஓலையையும் எங்கே வைப்பது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.”

ராஜா மெத்தையை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார்.