டெல்பின் கொடுத்த இரண்டு வாக்குகள்

நடந்ததைச் சொல்வது என் வேலை. தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

தூத்துக்குடியில் டெல்பின் மச்சாது என்ற பெண்மணி ‘நெய்தல் ஏர்’ என்ற சின்ன விமான நிறுவனத்தை நடத்திவந்தார். அவருடைய தம்பி லாம்பர்ட்தான் அதன் தலைமை விமானி. உள்ளூர்ப் பயணிகளைச் சென்னைக்குக் கொண்டுபோய் ஒரு பெரிய நிறுவனத்தின் விமானங்களில் ஏற்றிவிடுவார்கள். முழுப் பயணத்துக்கும் ஒரே டிக்கெட். அந்தப் பெரிய நிறுவனத்தின் தலைவர் சேஷாத்ரி, கூட்டம் பெருகுகிறது, இன்னும் விமானம் வாங்குங்கள் என்றார். அவர் பேச்சை நம்பி டெல்பின் இரண்டு வாங்கினார். அவை வந்து இறங்கிய வாரமே சேஷாத்ரி கூட்டை முறித்துக்கொண்டு, அதே நேரத்துக்கு அதே வழியில் தம் விமானத்தை விட்டார்.

நெய்தல் சரிந்தது. விமானிகளுக்கு வேலை போயிற்று. லாம்பர்ட் ஆப்பிரிக்காவில் சரக்கு விமானம் ஓட்டப் போனார். கிளம்பும்போது அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அந்த ஆளுக்கு ஒரு நாள் என் தயவு வேணும்னு வரும். அன்னைக்கு அவன் விமானம் தரையிலதான் கிடக்கும். இது சத்தியம்.”

தாய் இறந்தபோது லாம்பர்ட்டால் அடக்கத்துக்குக்கூட வர முடியவில்லை.

டெல்பின் ஓயவில்லை. தம் விமானங்களைத் தயாரித்த வெளிநாட்டு நிறுவனத்தோடு புது ஒப்பந்தம் போட்டார். அந்த வகை விமானங்களைத் தென்னாட்டில் பழுதுபார்க்கும் ஒரே இடமாக அவருடைய ஹேங்கர், அதாவது விமானக் கொட்டகை, ஆயிற்று. தயாரிப்பாளர்கள் ஒரு வாக்குக் கேட்டார்கள்: யாருடைய விமானம் வந்தாலும் திருப்பி அனுப்பக் கூடாது. டெல்பின் கொடுத்தார். காசிவேல் என்ற பொறியாளரின் கீழ் மெக்கானிக்குகள் சேர்ந்தார்கள். லாம்பர்ட்டும் திரும்பி வந்து, பழுதுபார்த்த விமானங்களைச் சோதனைக்காகப் பறக்கவிடும் விமானியானார்.

இதற்கிடையில், தூத்துக்குடிக்கு விட்ட பெரிய விமானம் பாதி காலியாகப் பறந்ததால், சேஷாத்ரியும் அதே வகைச் சிறிய விமானங்களையே வாங்கியிருந்தார். ஒரு டிசம்பரில் தயாரிப்பாளர்களிடமிருந்து உத்தரவு வந்தது: கிறிஸ்துமசுக்குள் ஒரு பாகத்தை மாற்றாத விமானம் எதுவும் பறக்கக் கூடாது. சேஷாத்ரியின் முதல் விமானம் டெல்பினின் ஹேங்கருக்கு வந்தது. கூடவே அவரும் வந்தார்.

“பழசை மனசுல வச்சுக்காதீங்கம்மா.”

“எனக்கு அது பழசாகவே இல்லை சார்.”

காசிவேல் அந்த விமானத்தில் கைவைக்க மறுக்கவில்லை. ஏறப்போவது சேஷாத்ரி மட்டுமல்ல, ஊர் மக்களும்தான் என்று டெல்பினிடம் சொல்லிவிட்டு, ஒரு குறையும் இல்லாமல் வேலையை முடித்துக் கையெழுத்திட்டார்.

லாம்பர்ட் சோதனைக்கு ஓட்ட மறுத்தார். சேஷாத்ரியின் முகத்துக்கு நேரே சொன்னார்: “எங்க அம்மாவைப் புதைச்ச அன்னைக்கு நான் உங்களாலதான் வேற தேசத்துல கிடந்தேன். உங்க விமானத்தை நான் ஓட்ட மாட்டேன்.” வேலையையும் அன்றே விட்டார். சேஷாத்ரி ஹைதராபாத்திலிருந்து வேறு விமானியை வரவழைக்க வேண்டியதாயிற்று.

டெல்பின் வந்த விமானத்தைத் திருப்பி அனுப்பவில்லை. ஆனால் அது கிளம்பியதும் தயாரிப்பாளர்களோடு போட்ட ஒப்பந்தத்தை ரத்து செய்து ஹேங்கரைப் பூட்டினார். பாகத்தை மாற்ற வேறு இடம் கிடைக்காமல், சேஷாத்ரியின் மற்ற விமானங்கள் கிறிஸ்துமசிலிருந்து பண்டிகைக் காலம் முழுக்கத் தரையில் கிடந்தன. டிக்கெட் எடுத்தவர்கள் விமான நிலையத்தில் அவர் பெயரைச் சொல்லித் திட்டினார்கள். கடைசியில் பங்குதாரர்கள் அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். செய்தியை டிவியில் பார்த்த டெல்பின் அன்று வயிறாரச் சாப்பிட்டார்.

காசிவேல், லாம்பர்ட், டெல்பின். இம்மூவரில் யார் செய்தது சரி?

விடை: லாம்பர்ட். காசிவேல் தவறு செய்யவில்லை. ஆனால் அவருக்குச் சேஷாத்ரியிடம் தீர்க்க வேண்டிய பகை இல்லை, எனவே தம் கடமைக்காக அவர் எந்தக் கோபத்தையும் விழுங்க வேண்டியிருக்கவில்லை. டெல்பின் இரண்டு வாக்குகளையும் ஒருவாறு காப்பாற்றினார். அதற்கான விலையை அவரை நம்பி வந்த மெக்கானிக்குகள் வேலையை இழந்து கொடுத்தார்கள். லாம்பர்ட் மட்டும்தான் தம் கையால், தம் வேலையை மட்டும் பணயம் வைத்துப் பழி தீர்த்தார். ஹேங்கர் மூடிய பிறகு அந்த மெக்கானிக்குகள் எல்லாரும் சேஷாத்ரியின் பழைய நிறுவனத்தில்தான் போய்ச் சேர்ந்தார்கள். இப்போது அந்த விமானங்களைப் பழுதுபார்க்க அந்த நிறுவனத்துக்கு டெல்பினின் தயவு தேவையில்லை.