கூரையில் ஒரு டிக்

தாளவாடி மலையில் முட்டைக்கோஸ் ஏற்றும் செவந்தி, கோயம்புத்தூர் ஷோரூமில் நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய ஃபோர் வீல் ஜீப் வாங்கினாள். கம்பெனியே ஒரு வருட வாரண்டி தருகிறது என்றார்கள். பத்தாம் நாளே ஜீப் சேற்றில் சிக்கியது. முன்சக்கரம் இரண்டும் சுற்றவே இல்லை.

ஜீப்பை மீட்டு நேரே ஷோரூமுக்கு ஓட்டி வந்து நின்றாள். அங்கே மேனேஜர் ஜெயசீலன், தாளில் டிக் இருந்தால் கழுதைக்கும் கொம்பு உண்டு என்று சாதிக்கிற ஆள். விற்கும் முன் வண்டியைச் சோதித்த பரிசோதனைத் தாளை அவள் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

"கம்பெனி இன்ஜினியர் ஒவ்வொண்ணா தொட்டுப் பார்த்து டிக் போட்டிருக்கார். ஃபோர் வீலுக்கும் டிக் இருக்கு. கெடுத்தது நீதான். வாரண்டி கிடையாது!"

"டிக் போட்டா அது சத்தியமுங்களா?"

"எங்க டிக் பொய் சொல்லாதும்மா!" ஷோரூமே திரும்பிப் பார்த்தது.

செவந்தி தாளில் ஒரு வரி மேல் விரலை வைத்தாள். "சன்ரூஃப் நல்லாத் திறந்து மூடுதுன்னு டிக் இருக்குதுங்க. திறந்து காட்டுங்க, நான் பேசாமப் போயிடறேன்."

வாசலில் நின்ற ஜீப்பின் கூரை முழுத் தகரம்; திறந்து மூட அதில் ஒரு கண்ணாடி ஜன்னலும் இல்லை. ஜெயசீலன் எட்டிப் பார்த்தார். வண்டி வாங்க வந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர், கையெழுத்துப் போட எடுத்த பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"ஃபோர் வீலைச் சரி பண்ணுங்க. இல்லீன்னா கூரையை அறுத்து சன்ரூஃப் வெச்சுக் குடுங்க. ரெண்டுக்கும் கம்பெனிதானுங்களே பொறுப்பு?"

அடுத்த நிமிடமே ஜீப் பட்டறைக்குள் போனது. கூரையில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை.