சாம்பல்மேட்டில் ஒரு குடத்துக்கு உடம்பு முடியாமல் போனது

கொரோனா வந்த வருஷம் சொன்ன பேச்சைத் தட்டாத தெரு என்று ஒன்று இருந்ததென்றால், அது கூவக் கரையில் இருக்கும் எங்கள் சாம்பல்மேடுதான். எனக்கு அதில் இன்றைக்கும் பெருமை.

நாலு நாளாகத் தண்ணீர் லாரி வரவில்லை. கை கழுவுவதை விடுங்கள், நாக்கை நனைக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை. அப்போதுதான் நர்ஸம்மா வந்து கண்டிப்பாகச் சொன்னார்.

"நாளைக்கு லாரி வருது. வரிசையில நிக்கிறவங்க ஆறடி தள்ளி நிக்கணும், மாஸ்க் போட்டிருக்கணும். யாருக்காச்சும் உடம்பு முடியலன்னா, அவங்க தொட்டதை அடுத்தவங்க தொடக்கூடாது. நோயாளிக்கு நிறையத் தண்ணி குடுங்க."

உடனே கூட்டம் போட்டோம்.

"வரிசையில யாரு நிக்கிறது?" என்றார் மூட்டை தூக்கும் கன்னியப்பன்.

"நாம எங்கய்யா நிக்கிறோம்? குடம்தானே நிக்குது!" என்றாள் இட்லிக்கடை ரஹமத்பீ.

நியாயம்தான். குடத்தை வரிசையில் போட்டுவிட்டு நிழலில் உட்காருவதுதான் எங்கள் வழக்கம்.

மறுநாள் நாற்பது குடத்துக்கும் மாஸ்க் கட்டினோம். எங்களுக்கு மிஞ்சவில்லை. அளக்க டேப்புக்கு எங்கே போவது? கன்னியப்பன் அஞ்சேகால் அடி. தலைமாட்டில் ஒரு செங்கல்லை வைத்தால் சரியாக ஆறு. குடத்துக்குக் குடம் முப்பத்தொன்பது தடவை படுத்து எழுந்தார் மனுஷன். குடங்கள் தெருவை அடைத்துக்கொண்டதால், நாங்கள் அத்தனை பேரும் தையல்கடைத் தார்ப்பாய்க்கு அடியில் ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்தோம்.

லாரி வந்தது. டிரைவர் துரைக்கண்ணு முதல் குடத்தின் மாஸ்க்கை விலக்கிப் பைப்பை விட்டார். ரஹமத்பீயின் பழைய குடம் அது. மேலே விட்ட தண்ணீர் அடிவழியாக அப்படியே வெளியே வந்தது.

ரஹமத்பீ மாரில் அடித்துக்கொண்டாள். "ஐயையோ, குடிச்சது தங்க மாட்டேங்குதே! நேத்துகூட நல்லாத்தானே இருந்துச்சு!"

துரைக்கண்ணு பைப்பை அடுத்த குடத்துக்கு இழுத்தார். கன்னியப்பன் பாய்ந்து பிடித்துக்கொண்டார். "நோயாளியைத் தொட்ட பைப்புய்யா! தெருவையே காலி பண்ணப் பாக்குறியா?"

"அப்ப இவ்ளோ தண்ணியை என்ன பண்றது?"

வறண்ட தொண்டையோடு யோசித்தோம்.

"நோயாளிக்கு நிறையக் குடுக்கச் சொன்னாங்கல்ல? அதுக்கே ஊத்துங்க. பாவம், பொழைக்கட்டும்."

"உசுரு விஷயம்னா நான் குறுக்க நிப்பேனா?" என்று பைப்பைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார் துரைக்கண்ணு.

லாரி காலியாகும்வரை ஊற்றினோம். கணுக்கால் அளவுத் தண்ணீர் கூவத்தைப் பார்த்து ஓடியது.

நர்ஸம்மா வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார். "அடப்பாவிங்களா! மீதிக் குடத்துல ஒரு சொட்டுகூட இல்லையே!"

கன்னியப்பன் வெடித்த உதட்டோடு சிரித்தார்.

"ஆமா மேடம். முப்பத்தொன்பதுல ஒண்ணுக்குக்கூடத் தொத்தல!"