நாணலேரித் தொகுதியின் ஐந்து தேர்தல்கள்

நாணலேரியில் மான், பன்றி, கீரி, ஆமை, நீர்நாய், நீர்ப்பறவைகள் எல்லாம் வாழ்ந்தன. தண்ணீருக்குள்ளே ஆயிரமாயிரம் மீன்கள். மூன்று மலை தாண்டிப் பெருங்காட்டில் சிங்கத்தின் சபை இருந்தது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நாணலேரித் தொகுதி ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து அந்தச் சபைக்கு அனுப்பும்.

தேர்தல் நடக்கும் முறை எளிது. கரையோர ஈர மண்ணில் ஒவ்வொரு வேட்பாளரும் ஒரு வட்டம் போடுவார். பிடித்தவரின் வட்டத்தில் ஒரு கூழாங்கல்லைப் போட வேண்டும். ஆனால் ஈர மண்ணில் கால் தடம் பதியும் அல்லவா? யார் யாருக்குப் போட்டது என்று மறுநாளே ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். அதனால் குளம்பு உள்ளவை குளம்புக்கே போட்டன. சவ்வுக்கால் உள்ளவை சவ்வுக்காலுக்கே போட்டன. நகம் உள்ளவை அந்தந்த நேரத்துக்கு யார் மரியாதையாகக் கூப்பிட்டார்களோ அந்தப் பக்கம் போயின.

மீன்களுக்குக் கால் இல்லை. கரைக்கு வர முடியாது. ஆகவே வாக்கும் இல்லை.

முதல் தேர்தலுக்கு முன்னால் ஒரு பெரும்புயல் அடித்தது. மலையிலிருந்து ஒரு பாறை உருண்டு வந்து, ஏரிக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலை அடைத்துக்கொண்டது. அதைத் தள்ள யானைகள் வேண்டும். சபை ஆணையிட்டால்தான் யானைகள் வரும்.

"நான் பறந்து போய்ப் பேசுகிறேன்! பத்தே நாளில் பாறை போய்விடும்!" என்றார் நீர்ப்பறவைகளில் பெரியவரான கூழைக்கடாவார். நூற்று நாற்பது கல் வித்தியாசத்தில் ஜெயித்தார். போனவர் இரண்டு ஆண்டு கழித்துத் தொண்டைப்பை பெருத்துத் திரும்பி வந்தார். "சபையில் எனக்குப் பேச நேரமே கொடுக்கவில்லை!" என்றார்.

இரண்டாம் தேர்தலில் பன்றியார் வென்றார். தன் சொந்தக்காரர்கள் புரள ஒரு சேற்றுக்குழி வெட்டிக் கொடுத்தார். பாறையை மறந்தே போனார்.

மூன்றாம் தேர்தலில் கூழைக்கடாவார் கீரிகளோடு கூட்டணி வைத்து மறுபடியும் வந்தார். நான்காம் தேர்தலுக்கு முதல் நாள் பன்றியார் இறந்துபோனார். ஏரியே அழுதது. அழுத கண்ணோடு அவருடைய மகனுக்குக் கல்லைப் போட்டது. பாவம், அந்த மகனுக்குப் பாறை எங்கே இருக்கிறது என்றே தெரியாது!

இதற்கிடையே ஒன்று நடந்துகொண்டிருந்தது. வட்டம் போட ஈர மண் வேண்டும். முதல் தேர்தலை மருதமரத்தின் அடியில் நடத்தினார்கள். அடுத்ததை அதற்கு இருபது அடி உள்ளே நடத்தினார்கள். நான்காவதை நாணற்புதருக்கும் கீழே நடத்தினார்கள். ஈரம் உள்ளே போகப் போக வாக்குச்சாவடியும் உள்ளே போனது. "இந்தத் தடவை இடம் விசாலமா இருக்கே!" என்று மான்கள் மகிழ்ந்தன.

ஏரியில் ஒரு விரால் மீன் இருந்தது. அதற்கு அப்போதுதான் குஞ்சுகள் பொரிந்திருந்தன. சிவப்புச் சிவப்பாய் நூறு குஞ்சுகள் அம்மாவின் தலைக்கு மேலே கூட்டமாய்ச் சுற்றும். அந்த விராலுக்கு ஓர் ஆமை பழக்கம். தண்ணீருக்குள்ளும் போகும், கரைக்கும் போகும். ஆமைக்கு வாக்கும் உண்டு.

ஐந்தாம் தேர்தல் வந்தது. கூழைக்கடாவார் நின்றார். பன்றியாரின் மகனும் நின்றார். புதிதாக ஒரு நீர்நாயும் நின்றது.

"நான் சபை வாசல்லயே படுத்துக்கிடப்பேன். பாறைய எடுக்கச் சொல்லுற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன். எனக்கு வேற ஒண்ணும் தெரியாது!" என்றது நீர்நாய். அவ்வளவுதான் அதன் பிரசாரம்.

அன்று சாயங்காலம் விரால் ஆமையைக் கூப்பிட்டது.

"அண்ணே, ஒங்க கல்ல நீர்நாய்க்குப் போடுங்கண்ணே!"

ஆமைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன தங்கச்சி சொல்ற? அவன் தினமும் ஒங்கள்ல ரெண்டு பேரத் தின்னுறவன்!"

"கூழைக்கடா மட்டும் எங்களத் தின்னாம விரதமா இருக்காரு? அவருக்கு ரெக்கை இருக்குண்ணே. இந்த ஏரி போனா இன்னொரு ஏரி. நீர்நாய்க்கு இது ஒண்ணுதான். மீன் செத்தா அவனும் பட்டினி. அவன் நமக்காகப் போகல, அவன் வயித்துக்காகப் போறான். அதனாலதான் போவான்னு நம்புறேன்."

"யோசிக்கிறேன்" என்றது ஆமை.

"யோசிக்கத் தண்ணி இல்லண்ணே. எனக்குன்னு ஒரு கல்லு இருந்தா ஒங்கள எதுக்குக் கேக்கப் போறேன்?"

ஆமை நீர்நாய்க்கே போடுவதாகச் சொல்லிவிட்டுத்தான் கரையேறியது. மனசாரத்தான் சொன்னது. பொய் சொல்லவில்லை.

மறுநாள் காலை கூழைக்கடாவாரின் கடைசிக் கூட்டம். ஆமை ஓரமாய் நகர்ந்து போய்க்கொண்டிருந்தது. மேடையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அங்க போறது யாரு? எங்க பெரியப்பா இல்ல! பெரியப்பாவ மேடைக்குக் கொண்டு வாங்க!"

இரண்டு வாத்துகள் ஓடி வந்து ஆமையைத் தள்ளித் தள்ளி மேடையேற்றின. கழுத்தில் தாமரை மாலை விழுந்தது. ஆமையை இதுவரை யாரும் மேடையில் ஏற்றியதில்லை. அதற்கு நகமும் உண்டு, விரலிடையில் சவ்வும் உண்டு. அதனாலேயே எந்தக் கூட்டமும் அதைத் தன் ஆளாக நினைத்ததில்லை.

"பெரியப்பா காலப் பாருங்க! நம்ம கால்! சவ்வுக்கால்!" என்று கூழைக்கடாவார் முழங்கினார். எல்லாப் பறவைகளும் சிறகடித்தன. ஆமைக்குக் கண் கலங்கிவிட்டது.

நீர்நாய்க்கும் அதே மாதிரி நகமும் சவ்வும் சேர்ந்த கால்தான். அது ஆமைக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

பொழுது சாயும்போது எல்லாரும் போட்டு முடித்திருந்தார்கள். ஆமைதான் கடைசி. வாத்துகள் இருபுறமும் நடந்து வந்தன. மாலை கழுத்தில் கனத்தது. ஆமை ஒரு நிமிடம் நின்றது. பிறகு கூழைக்கடாவாரின் வட்டத்துக்குப் போய்க் கல்லைப் போட்டது.

எண்ணினார்கள். பன்றியாரின் மகனுக்குத் தொண்ணூறு. நீர்நாய்க்கு இருநூற்றுப் பத்து. கூழைக்கடாவாருக்கு இருநூற்றுப் பதினொன்று.

கூழைக்கடாவார் மாலையோடு பறந்து போனார். கோடை வந்தது. தண்ணீர் ஏரியின் நடுவே ஒரு குழியாய்ச் சுருங்கியது. பசி தாங்காமல் நீர்நாய் வேறு ஆற்றைத் தேடிப் போய்விட்டது.

சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கூழைக்கடாவார் வந்தபோது ஆமை மூச்சிரைக்க ஓடியது.

"தம்பி, பாறை..."

"சபையில சொல்லியாச்சு பெரியப்பா! நாளைக்கோ நாளன்னைக்கோ யானை வந்துரும்!"

ஆமை இதை விராலிடம் போய்ச் சொன்னது. இன்னும் ஈர மண் இருந்தது. விரால் அதில் துள்ளித் துள்ளிப் பக்கத்துக் குட்டைக்குப் போய்விடலாம். விராலுக்கு அது முடியும். குஞ்சுகளுக்கு முடியாது. "யானை வருதுன்னு சொன்னாங்கல்ல அண்ணே, அப்ப இருந்துக்குறேன்" என்றது விரால். யாருக்குக் கல் போட்டாய் என்று அது கடைசிவரை கேட்கவில்லை. கால் தடத்தைத்தான் ஏரியே பார்த்திருந்ததே.

பத்து நாள் ஆயிற்று. யானை வரவில்லை. ஆமையால் பொறுக்க முடியவில்லை. தானே சபைக்குப் புறப்பட்டது. மூன்று மலையை ஆமை நடையில் கடக்கப் பன்னிரண்டு நாள் பிடித்தது.

சபை வாசலில் மனுக்களைப் பார்க்கும் கரடி உட்கார்ந்திருந்தது.

"நாணலேரியா? வாய்க்கால் அடைப்பா?" கரடி மரப்பட்டைக் கட்டுகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தது. "அப்படி ஒரு மனு வந்ததே இல்லையேப்பா."

"அஞ்சு தேர்தல் நடந்திருக்குங்க! மூணு பேர அனுப்பியிருக்கோம்!"

"வந்தாங்க. உட்கார்ந்தாங்க. நல்லாச் சாப்பிட்டாங்க. யாரும் எதுவும் கேக்கலையே!"

பக்கத்தில் நின்ற யானை ஒன்று காதை ஆட்டியது. "ஒரு பாறையா? காலையில போனா உச்சிப்பொழுதுக்குள்ள திரும்பிரலாம். இதுக்கா இத்தனை வருஷம்?"

கரடி உள்ளே போய்ச் சொன்னது. சிங்கம் தலையசைத்தது. இரண்டு யானைகள் ஆமையைத் தூக்கி முதுகில் வைத்துக்கொண்டு நடந்தன. பாறையை இரண்டே தள்ளில் புரட்டின. வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்தது.

ஆமை தண்ணீரோடு உருண்டு உருண்டு ஏரியின் நடுவுக்குப் போனது. குழி வெடித்துக் காய்ந்து கிடந்தது. விரால் அங்கேதான் கிடந்தது. உடம்பை வளைத்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்தபடி கிடந்தது. குஞ்சுகளும் உயிரோடு இல்லை. நிறைந்து வரும் தண்ணீர் அவற்றை மெல்ல மெல்லத் தூக்கியது.

கரையில் பெரும் ஆரவாரம். கூழைக்கடாவார் பறந்து வந்து இறங்கியிருந்தார். "சொன்னதைச் செய்தேன்!" என்று கூவினார். "வாழ்க! வாழ்க!" என்று மான்களும் கத்தின, பன்றிகளும் கத்தின. அடுத்த தேர்தலில் அவரை எதிர்த்து யாருமே நிற்கப்போவதில்லை என்று அப்போதே பேசிக்கொண்டார்கள்.

"பெரியப்பா எங்க? பெரியப்பாவ மேடைக்குக் கூப்பிடுங்க!" என்றார் கூழைக்கடாவார்.

ஆமை வரவில்லை. தண்ணீருக்கடியில் விராலின் பக்கத்தில் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு கிடந்தது. "ஒரு கல்லு, தங்கச்சி. ஒரே ஒரு கல்லுதான் கேட்ட" என்று அது திரும்பத் திரும்பச் சொன்னதை யாரும் கேட்கவில்லை.

தனக்குக் கிடைக்கும் மாலைக்காக வாக்கைக் கொடுப்பவன், வாக்கே இல்லாதவர்களின் உயிரையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறான்.