நாலு மணி வண்டியும் புடலம்பூவும்

ஒரு ஊர்ல ஒரு மொட்டை மாடி. அது நிறையத் தொட்டி. ஆட்டிசம் இருக்கிற பிள்ளைங்க பகல்ல வந்து, மண்ணைக் கிளறி, தண்ணி ஊத்தி, மனசை ஆத்திக்கிற பள்ளிக்கூடம் அது. கேக்குறியா?

"ம்."

அங்கே கோமுன்னு ஒரு பொண்ணு, பதினஞ்சு வயசு. சத்தம்னா காதைப் பொத்திக்குவா. பேச்சு கொஞ்சம்தான். ஆனா ஒண்ணைப் பார்க்க உட்கார்ந்தா, பார்த்துக்கிட்டே இருப்பா. அவ போட்ட விதையில ஒரு புடலங்கொடி சரசரன்னு பந்தல் ஏறுச்சு. பூக்குது, பூக்குது, ஒரு பிஞ்சும் நிக்கல! பொத்து பொத்துன்னு உதிருது.

தோட்டத்துக்கு மணிவேலு சார். "அசையாம உட்காருங்க, மூச்சைக் கவனிங்க"ன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லுவாரு. அவரு மட்டும் ரெண்டு நிமிஷம் உட்கார மாட்டாரு. முதல்ல புளிச்ச மோரை ஊத்தினாரு. பொத்து! அப்புறம் பெருங்காயம் கரைச்சுத் தெளிச்சாரு. மாடியே ரசம் மாதிரி மணந்துச்சு. அப்பவும் பொத்து! அப்புறம் பூசணிக்குச் செய்யற மாதிரி, காலையில வந்ததும் ஆண் பூவைப் பறிச்சுப் பெண் பூவுல தடவினாரு. அதுவும்...?

"பொத்து."

அதான்! "நாளைக்குப் பிடுங்கிடலாம். வெண்டைக்கு இடம் வேணும்"னுட்டாரு.

அன்னைக்கு நாலு மணி. பிள்ளைங்களை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போற வண்டி பாம் பாம்ங்குது. கோமு ஒரு கையால காதைப் பொத்தி, ஒரு கையால பந்தல் கம்பைக் கட்டிக்கிட்டா.

"அடம் பண்ணாதம்மா கோமு."

"மூடியிருக்கு."

"எது?"

"பூ. இப்ப மூடியிருக்கு. காலையில வாடியிருக்கு."

சார் குனிஞ்சு மொக்கைப் பார்த்தாரு. நடுவுல அது எப்போ விரியுதுன்னு அவரு பார்த்ததே இல்ல! வண்டியை அனுப்பிட்டு, கோமு வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டு, பக்கத்துல உட்கார்ந்தாரு. காலை ஆட்டினாரு. கழுத்தைச் சொறிஞ்சாரு.

"இன்னும் எவ்ளோ நேரம்மா?"

"அசையாதீங்க சார். மூச்சைக் கவனிங்க."

பொழுது சாய்ஞ்சுது. அப்போ, மெல்ல மெல்ல, வெள்ளை நூலைப் பிரிச்சுப் போட்ட மாதிரி பூ விரிஞ்சுது. கோமு ஆண் பூவை எடுத்து, அடியில குட்டிப் பிஞ்சு வச்சிருந்த பெண் பூவுல தொட்டும் தொடாம தடவினா.

மறுநாள் யாரும் கொடியைத் தொடல. அதுக்கு அடுத்த நாள் பிஞ்சு நின்னுச்சு. நாளாக நாளாக நீண்டுச்சு, ஊஞ்சலாடுச்சு. கூட்டு வச்சாங்க. கோமு மூக்கைச் சுருக்கிட்டா. "கொழகொழங்குது. நீங்களே சாப்பிடுங்க."

இப்பல்லாம் வண்டி ஏழு மணிக்குத்தான். சாயங்காலமானா ரெண்டு பேரும் பந்தலுக்கு அடியில. ஒருத்தி பூவைப் பார்க்குறா. ஒருத்தரு மூச்சைக் கவனிச்சுக் கவனிச்சு, கொர்ர்...

என்ன, 'ம்'மைக் காணோம்? சரி, கதை பந்தல் ஏறியாச்சு, கண்ணு ரெண்டும் மூடியாச்சு.