பெல்ட்டுக்குப் போட்ட கொசுறு

சிங்காநல்லூரில் பழைய ரேஸ் கார்களுக்கு எஞ்சின் வேலை பார்க்கிற தெய்வானையை, அவளிடம் தொழில் கற்கிறவர்கள் வாத்தியாரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்களில் நாச்சிமுத்து அவளைவிடப் பதினைந்து வயது பெரியவர். அரிசி மண்டியைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு வந்து சேர்ந்தவர்.

ஆசைப்பட்டு ஒன்றும் வரவில்லை. மகள் கோமதி பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, ரேஸில் ஓட்டியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். எஞ்சினை நானே பார்த்தால்தான் அனுப்புவேன் என்று இவரும் பிடிவாதம் பிடித்தார். ரெண்டும் ஒரே அச்சு, என்ன செய்ய!

ரேஸுக்கு முந்தின நாள் காலையில் வால்வையும் பிஸ்டனையும் முறை தப்பாமல் ஓடவைக்கிற டைமிங் பெல்ட்டைப் புதிதாக மாட்டினார். அந்த எஞ்சினில் பெல்ட் நழுவினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். வளைவில் வேகமாகப் போகும்போது அப்படி ஆனால் கார் கோமதியின் கட்டுப்பாட்டில் இருக்காது. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து மனுஷனுக்குச் சரியான தூக்கமில்லை.

வாத்தியாரம்மா சொல்லிக்கொடுத்தது ரொம்பச் சுலபம். எஞ்சின் ஆறியிருக்கும்போது பெல்ட்டை ரெண்டு விரலால் பிடித்து முறுக்க வேண்டும். கால் சுற்று திரும்பினால் சரி. நாச்சிமுத்து அப்படியே வைத்தார். அவளும் தொட்டுப் பார்த்துத் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போனாள்.

அவள் அந்தப் பக்கம் போனதும் இவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுபடி முறுக்கிப் பார்த்தார். தொளதொளவென்று இருக்கிற மாதிரிப் பட்டது. நட்டைத் தளர்த்தி, இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடித்துப் பூட்டினார். எடை சரியாக நின்ற பிறகும் ஒரு கை அரிசி அள்ளிப் போட்டே பழகினவர். பெல்ட்டுக்கு மட்டும் கொசுறு போடாமல் விடுவாரா?

திரும்பி வந்த தெய்வானை பெல்ட்டை ஒருதரம் முறுக்கினாள். ஸ்டார்ட் பண்ணச் சொன்னாள். எஞ்சினிலிருந்து சன்னமாக ஓர் ஊளை கேட்டது. அதையும் பலம் என்றே நினைத்துக்கொண்டார் நாச்சிமுத்து.

நன்றாகச் சூடேறும்வரை ஓடவிட்டு நிறுத்தினாள். இப்போது முறுக்கிப் பாருங்கள் என்றாள். பெல்ட் அசையவே இல்லை. சூட்டில் எஞ்சின் விரியும், விரிந்தால் பெல்ட் தானாகவே இறுகும் என்று விளக்கினாள். இந்த இறுக்கத்தோடு நாளைக்கு ஓட்டினால் பாதியிலேயே அறுந்துபோகும் என்றாள்.

பெற்றவன் கையாலேயே மகளைக் கவிழ்த்திருப்பேனே என்று நாச்சிமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் எஞ்சின் ஆறியதும் தளர்த்திக் கால் சுற்றுக்குக் கொண்டுவந்தார்.

“வாத்தியாரம்மா, தொட்டா லேசாத்தான் இருக்குதுங்க. இது போதும்னு எப்படிங்க நம்பறது?”

தெய்வானை, டயருக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்த கோமதியைக் கூப்பிட்டாள். பெல்ட்டை எப்படிப் பிடிப்பது என்று காட்டினாள். கோமதி முறுக்கிப் பார்த்தாள். கால் சுற்று. அப்பாவிடம் ஸ்பேனரை வாங்கி நட்டைப் பூட்டினாள், மூடியை மாட்டினாள், ஸ்பேனரைத் திருப்பிக் கொடுத்தாள்.

“ஒருக்கா நானும் பாத்துர்றேன் அம்மணி” என்றார் நாச்சிமுத்து.

அவள் அப்பாவின் தோளைத் தட்டிவிட்டுக் காரில் ஏறினாள். ராத்திரிக்குள் காரை ரேஸ் மைதானத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். வண்டி ஊளையில்லாமல் தெருமுனை திரும்பியது. சத்தம் அடங்கின பிறகும் நாச்சிமுத்து பட்டறை கேட் அருகிலேயே நின்றார்.

“அவ போயிட்டாளுங்க வாத்தியாரம்மா. நான் இனி என்ன பண்ணட்டுமுங்க?”

“ஸ்பேனரைக் கீழ வையுங்க.”