முப்பதாவது பெயர்

மலையடிவாரத்து மருத்துவச்சாலையில் ஆண்டுக்கு முப்பது பேரைத்தான் சேர்ப்பார்கள். அந்த ஆண்டு இருபத்தொன்பது பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, முப்பதாவது பெயரை எழுத முடியாமல் வடிவு நின்றுபோனாள்.

வடிவுக்கு வயது நாற்பத்தொன்று. சாலையை நடத்தும் ஆசானிடம் படித்து, அங்கேயே தங்கிவிட்டவள். சேர விரும்புகிறவர்களின் தாள்களைப் படித்துத் தேர்ந்தெடுப்பது அவள் பொறுப்பு. நுழைவுத் தேர்வின் மதிப்பெண், முன்பு படித்த பள்ளி தந்த தரச் சான்று, ஏன் மருத்துவம் படிக்க விரும்புகிறேன் என்று அவரவர் கைப்பட எழுதிய ஒரு பக்கம். மூன்றில் அந்த ஒரு பக்கத்தையே அவள் பெரிதாக மதித்து வந்தாள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

மாலைக்குள் பட்டியலை வாசலில் ஒட்ட வேண்டும். மிஞ்சிய இரண்டு தாள்களோடு ஆசானிடம் போனாள். அவர் சுக்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார்.

“இந்த வருஷத் தாள்களில் எத்தனை பாட்டிகள் செத்தார்கள்?” என்று கேட்டார்.

“பதினேழு, ஐயா. எல்லாரும் மருந்து கிடைக்காமல். எல்லாரும் மழை நாளில்.”

“பாவம். தேர்வு எழுதும் பிள்ளை உள்ள வீட்டில் கிழவிகள் பிழைப்பதே இல்லை.”

வடிவு சிரிக்கவில்லை. தாள்களை அவர் முன்னால் வைத்தாள்.

“இவன் இளவழுதி. மதிப்பெண் அறுபத்தாறு. ஆனால் இவன் எழுதியதைப் படித்தால் கல்லும் கரையும். பாட்டியைக்கூடக் கொல்லவில்லை. இவள் அஞ்சுகம். தொண்ணூற்று மூன்று. தரச் சான்றிலும் குறையில்லை. எழுதியிருப்பது நாலே வரி, உப்புச் சப்பில்லாமல். மூன்றில் எது பெரிது, ஐயா?”

“நீ எதைப் பெரிது என்கிறாய்?”

“எழுத்தை.”

“ஏன்?”

சேர்ந்தபோது வடிவு கொடுத்த பக்கம், ஏழு முறை எழுதிக் கிழித்து எட்டாவது முறை எழுதியது. அதைப் பற்றி ஆசான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்று, தாள்கள் வரும் பருவத்தில் ஒவ்வோர் ஆண்டும் அவள் காத்திருந்திருக்கிறாள். அவர் மழையைப் பற்றிப் பேசுவார். சுக்கைப் பற்றிப் பேசுவார்.

“என் மதிப்பெண் நாற்பத்தெட்டு. தரச் சான்றைச் சொல்லவே வேண்டாம். ஆனாலும் நீங்கள் என்னைச் சேர்த்தீர்கள். நான் எழுதியதைப் படித்துத்தானே?”

ஆசானின் கத்தி நின்றது.

“அதை நான் படிக்கவில்லை, வடிவு.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“நாற்பத்தெட்டைப் பார்த்ததும் தாளை ஒதுக்கிவிட்டேன். முப்பது பேரை எடுத்தாயிற்று. அதில் ஒரு பெண் வரவில்லை. மூன்று நாள் பாடம் தொடங்காமல் அவளுக்காகப் பார்த்தேன். நீ ஊருக்குப் போக வண்டி கிடைக்காமல் வாசலில் உட்கார்ந்திருந்தாய். உள்ளே வா என்றேன்.”

“வண்டி கிடைத்தது, ஐயா. நாளுக்கு ஒன்று வந்தது. நான்தான் ஏறவில்லை.”

“அது எனக்குத் தெரியாது.”

“அந்தப் பெண் யார்?”

“எண்பத்தொன்பது எடுத்தவள். ஏன் வரவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை. தாள்கள் வரும் பருவத்தில் அவள் நினைவு வரும்.”

வெளியே யாரோ உரலில் மருந்து இடிக்கும் சத்தம் கேட்டது.

“நான் எழுதியது எனக்கு இன்னும் மனப்பாடம்” என்றாள் வடிவு. “சொல்லட்டுமா?”

“சொல்.”

சொன்னாள். அம்மா வரும் இடத்தில் குரல் தடுமாறியது. நிறுத்தி, மறுபடி அந்த வரியிலிருந்தே தொடங்கி முடித்தாள். ஆசான் கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அன்றைக்கு இதைப் படித்திருந்தால் சேர்த்திருப்பீர்களா?”

“மாட்டேன். அம்மா இருக்கிறாள், குளம் இருக்கிறது, நிலா இருக்கிறது. மூன்று வண்டிகளை விட்ட பெண் அதில் இல்லை.”

வடிவுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் நிறைந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

“அப்படியானால் எந்தத் தகுதியில் இத்தனை வருஷம் இங்கே இருந்தேன்?”

“அது நீ உள்ளே வந்த பிறகு வந்தது.”

அவள் அஞ்சுகத்தின் தாளை எடுத்தாள். முதல் முறை பார்வையை ஓட்டியதோடு சரி. இப்போது ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள்.

‘எனக்குப் படிக்க வேண்டும். ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். யோசித்துப் பார்த்தேன். சொல்லத் தெரியவில்லை.’

அந்தப் பெயரைப் பட்டியலின் கடைசியில் எழுதினாள்.

“இதுவும் தப்பாக இருக்கலாம், ஐயா.”

“இருக்கலாம்.”

இளவழுதியின் தாள் மிஞ்சியது. சேர்க்காதவர்களின் தாளில் ‘தகுதி இல்லை’ என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்புவது அந்தச் சாலையின் வழக்கம். இத்தனை ஆண்டுகளில் எத்தனை தாள்களில் அதை எழுதியிருப்பாள் என்று வடிவுக்கே தெரியாது. பேனாவை மையில் தொட்டாள். கை தாளில் இறங்கவில்லை.

“இந்தப் பையனுக்கு என்ன எழுத, ஐயா?”

ஆசான் அடுத்த சுக்கை எடுத்துக்கொண்டார்.

“இடம் இல்லை என்று எழுது.”